செயலற்றோர் செயற்குழுவின் அவசரக் கூட்டம்

சும்மா இருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை என்று ஞானிகள் காலம் காலமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். சொன்னார்களே தவிர, அதற்கு ஒரு விண்ணப்பப் படிவம் அச்சடிக்க வேண்டும் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தக் குறையைத் தீர்த்து வைத்தது எங்கள் கணக்காளர் உரிம வாரியம். படிவம் எண் பதினேழு. ஆறு பக்கம், மூன்று பிரதி, இரண்டு புகைப்படம். இனி எந்த ஆடிட்டரும் முறைப்படி சும்மா இருக்கலாம்.

வாரியத்தின் ஐம்பதாவது ஆண்டு மலருக்கு எங்கள் பிரிவின் 'சாதனை' ஒன்றை விரிவாக எழுதித் தரும்படி தலைவர் பணித்திருக்கிறார். நான் செயலற்ற நிலைப் பிரிவின் கண்காணிப்பாளர். பிரிவில் நான் ஒருவன்தான் என்பதால் என்னை நானே கண்காணித்து வருகிறேன். இதுவரை என் மேல் எந்தப் புகாரும் இல்லை.

விவரம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஓர் ஆடிட்டர் கொஞ்ச காலம் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும், ஆனால் உரிமம் கையை விட்டுப் போகக் கூடாது என்றால், அதைச் 'செயலற்ற நிலை'யில் வைக்கலாம். வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிற மாதிரி. கட்டணம் பாதி. வருஷா வருஷம் நாற்பது மணி நேரம் வகுப்பில் வந்து உட்கார வேண்டியதில்லை. வேண்டும்போது திரும்பி வரலாம். அதுவரை கணக்கு இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்கக் கூடாது. பெயரை எங்கே அச்சடித்தாலும் பக்கத்தில் 'செயலற்றவர்' என்று போட்டுக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

என் காலத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பேரைச் செயலற்றவர்களாக ஆக்கியிருக்கிறேன். தங்கமான மனிதர்கள். கணக்கு பார்க்க மாட்டேன் என்று பிரமாணம் செய்யும் ஒன்பதாவது பிரிவில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர் வலது கையால் கையெழுத்துப் போட்டபடியே, இடது கையில் இருந்த போனில், "அந்த வரி ஃபைலை நாளைக்குக் காலையில கொண்டாங்க, முடிச்சுடலாம்" என்று யாருக்கோ ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். இன்னொருவர் தம் புதிய விசிட்டிங் கார்டை எனக்குக் கொடுத்தார். 'செயலற்றவர்' என்ற சொல் எங்கே என்று கேட்டேன். வெள்ளை அட்டையில் வெள்ளை எழுத்தில் அச்சிட்டிருப்பதாகச் சொன்னார். விரலால் தடவிப் பார்த்தேன், இருந்தது. எழுத்தின் நிறம் பற்றி விதியில் ஒன்றும் இல்லை.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த பிரிவுக்குள் ஒரு நாள் காலை பத்து மணிக்கு ஓர் ஆடிட்டரம்மா வந்தார். வயது ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். லிஃப்ட் ஓடாததால் மூன்று மாடி ஏறி வந்திருந்தார். மூச்சு வாங்கியது. அன்றைக்குத்தான் அந்த வருஷத்துக்குக் கடைசி நாள்.

"இன்ஆக்டிவ் பண்ணணும் சார்" என்றார்.

"இங்கே அப்படிச் சொல்லக் கூடாதும்மா. 'செயலற்ற நிலைக்கு மாற்றித் தரக் கோருகிறேன்'னு சொல்லணும்."

"சரி சார், கோருறேன்."

படிவத்தைக் கொடுத்தேன். உட்கார்ந்து புரட்டினார். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. "சார், இதுல நாலாம் பக்கம் ரெண்டு தடவை இருக்கு. அஞ்சாம் பக்கம் இல்ல" என்றார்.

நான் வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். பதினோரு வருஷமாக அதே படிவம். நானூற்றுப் பன்னிரண்டு ஆடிட்டர்கள் ஐந்தாம் பக்கம் இல்லாமலே ஆறு பக்கத்தையும் படித்துப் புரிந்துகொண்டதாகச் சான்று கொடுத்திருக்கிறார்கள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். இந்த அம்மா படிக்கிற ஜாதி.

"ஏம்மா கடைசி நாள்ல வந்தீங்க?" என்றேன், பேச்சை மாற்ற.

"இன்னைக்குத்தான் சார் ஆள் கிடைச்சாங்க. அக்காவும் நானும் மட்டும்தான் வீட்டுல. அக்காவுக்கு ஞாபகம் போயிட்டே இருக்கு. கதவு திறந்திருந்தா போதும், கிளம்பிப் போயிடறாங்க. போன மாசம் பஸ் டெப்போவுல கண்டுபிடிச்சேன். டிரைவர் சீட்ல உட்கார்ந்துகிட்டு, இறங்க மாட்டேங்கறாங்க. தனியா விட்டுட்டு வர முடியல. வகுப்புக்குப் பதினோரு மணி நேரம்தான் வந்திருக்கேன். இன்னைக்குப் பக்கத்து வீட்டம்மா நாலு மணி வரைக்கும் பார்த்துக்கறேன்னாங்க. அதான் ஓடி வந்தேன்."

வகுப்புகளை வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பார்க்கலாமே என்று வாசகர்கள் நினைக்கலாம். வாரியம் அதை ஏற்பதில்லை. ஆள் நேரில் வந்து தூங்கினால்தான் அது கல்வி.

"நாற்பது மணி நேரம் இல்லாம, செயலற்ற நிலைக்கும் மாறாம இருந்தா என்ன ஆகும் தெரியுமில்லம்மா?"

"தெரியும் சார். ரத்து." அந்தச் சொல்லைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. "பேரை வாசல் கதவுல ஒட்டுவீங்க. பேப்பர்ல போடுவீங்க. முப்பத்தொரு வருஷம் சார். ஒரு கம்பெனியும் என்னைப் பார்த்து விரலை நீட்டினது இல்ல. அக்காவுக்கு அப்புறம் எனக்குன்னு இருக்கப் போறது இந்தத் தொழில் ஒண்ணுதான். திரும்பி வரணும். அந்தப் பட்டியல்ல மட்டும் என் பேர் வந்துடக் கூடாது."

அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது. எங்கள் ரத்துப் பட்டியலில் மூன்று கட்டம்: பெயர், உரிம எண், காரணம். கம்பெனிப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடினவனும் அதில்தான் இருப்பான். ஏறிய பெயர் இறங்கியதாகச் சரித்திரம் இல்லை.

"கவலையே படாதீங்க. ஒன்பதாம் பிரிவுல ஒரு டிக், கீழே ஒரு கையெழுத்து. பத்து நிமிஷத்துல அனுப்பிடறேன்" என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.

அவர் டிக் போட்டார். பத்து பத்துக்குக் கையெழுத்தும் போட்டார். ஆனால் டிக்குக்குப் பக்கத்தில் எறும்பு அளவில் ஒரு நட்சத்திரக் குறி. நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்து பக்கத்தின் அடிக்குப் போனேன். அங்கே மணி மணியான எழுத்தில் இப்படி இருந்தது:

'கீழ்க்கண்ட குறிப்புகளுக்கு உட்பட்டு. ஒன்று: கடைச் சீட்டைக் கூட்டிப் பார்ப்பேன். இதை நிறுத்த முடியும் என்று உறுதி கூற இயலவில்லை. இரண்டு: அக்காவின் மாத்திரைகளைத் தினமும் இரு வேளை எண்ணிச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. மூன்று: கண் எதிரே ஒரு கணக்குத் தப்பாக இருந்தால் சொல்லிவிடுவேன்.'

இது அவர்களுடைய தொழில் வியாதி. ஒரு கணக்கை முழுசாக ஒப்புக்கொள்ள முடியாவிட்டால், ஆடிட்டர்கள் அடியில் குறிப்பு எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று படிப்பில் சொல்லிக் கொடுக்கிறார்கள். படிப்பில் சொல்லிக் கொடுத்ததை வாழ்க்கையில் யாராவது செய்வார்களா? முப்பத்தொரு வருஷமாக ஒருவர் செய்துகொண்டே இருந்திருக்கிறார். உலகம் எவ்வளவு பெரியது பாருங்கள்.

"அம்மா, இதை அழிச்சுடுங்க. வெள்ளை மை நானே தரேன்."

"அழிச்சா பொய்யாயிடுமே சார்?"

"யாரும்மா பார்க்கப் போறாங்க? உங்க வீட்டுக் கடைச் சீட்டை வாரியமா வந்து பார்க்கும்?"

"எந்தக் கணக்கையும் சரிபார்க்க மாட்டேன்னு போட்டிருக்கு. 'எந்த'ன்னா எல்லாம்தானே? சரிபார்ப்பேன்னு எனக்கே தெரியுது. தெரிஞ்சுகிட்டே எப்படி சார் கையெழுத்துப் போடறது?"

"இதுக்கு முன்னாடி நானூத்திப் பன்னிரண்டு பேர் போட்டிருக்காங்க."

"அவங்க வீட்டுல கடைச் சீட்டு வராதா சார்?"

இந்தக் கேள்வியை அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். பிழைக்கத் தெரியாதவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும், அன்றும் வந்தது. குறிப்போடு வந்த பிரமாணப் பத்திரத்தை ஏற்கும் அதிகாரம் எனக்கு இல்லை. அதைச் செயலற்றோர் செயற்குழுதான் தீர்மானிக்க வேண்டும். வெளியே உட்காரச் சொன்னேன்.

செயற்குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட வேண்டும். கடைசியாகக் கூடி இரண்டு வருஷம் ஆகிறது. ஆனால் அந்த அம்மாவின் அதிர்ஷ்டம், மலருக்குப் புகைப்படம் எடுக்க அன்று மூன்று உறுப்பினர்களும் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். ஒரு ஃபைலை ஆழ்ந்து ஆராய்வது போல் படம் வேண்டும் என்று போட்டோகிராபர் சொன்னார். ஆராய ஃபைல் எதுவும் கைவசம் இல்லை. நான் இந்த ஃபைலைக் கொண்டுபோய் வைத்தேன். படம் எடுத்து முடிந்ததும் தலைவர் தற்செயலாகக் கீழே பார்த்து, "இது என்னய்யா நட்சத்திரம்?" என்றார். மூன்று மணிக்கு அவசரக் கூட்டம் என்று முடிவாயிற்று. இந்த வேகம் வேறு எந்த அலுவலகத்தில் உண்டு?

இதற்கிடையில் ஆடிட்டரம்மா காத்திருப்போர் அறையில் உட்கார்ந்திருந்தார். பத்தரை மணியிலிருந்து. அது ஒரு நல்ல அறை. ஒரே இரும்புக் கம்பியில் கோத்த ஏழு நாற்காலிகள், ஒருவர் எழுந்தால் ஆறு பேர் ஆடுவார்கள். எதிர்ச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், பொதுமக்களின் பார்வைக்காக வாரியத்தின் ஆண்டுக் கணக்கு. அதற்குப் பக்கத்திலேயே செயலற்றோர் பட்டியல். ஆயிரம் பேர் அந்த அறையில் உட்கார்ந்து எழுந்து போயிருக்கிறார்கள். பார்வைக்காக வைத்ததைப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை.

இரண்டு நாற்பதுக்கு அவர் என்னைக் கூப்பிட்டார்.

"சார், இந்தச் செலவுப் பக்கம் ஒன்பது வரி இருக்கு. கூட்டினா அடியில போட்டிருக்கற தொகை வரல. வரவுப் பக்கத்துத் தொகையைப் பார்த்து அப்படியே எழுதிட்டாங்க போல."

"அம்மா, மெதுவா பேசுங்க."

"அது மட்டும் இல்ல சார். தணிக்கை பண்ணிக் கையெழுத்துப் போட்ட ஆடிட்டரோட நம்பர் 2208. இந்தப் பக்கம் உங்க செயலற்றோர் பட்டியல்ல முப்பதாவது பேரும் 2208. ஆறு வருஷம் முன்னாடியே இன்ஆக்டிவ் ஆனவர் இந்த வருஷக் கணக்குல எப்படி சார் கையெழுத்துப் போட்டாரு?"

அவர் தலைவரின் மைத்துனர். வெள்ளை அட்டையில் வெள்ளை எழுத்து அச்சடித்த அதே மகான். இது எனக்குத் தெரியுமா என்று கேட்காதீர்கள். அந்தக் கண்ணாடியைத் தினமும் துடைப்பவன் நான். துடைப்பவன் உள்ளே இருப்பதைப் படிக்க வேண்டும் என்று என் பணி விதிகளில் இல்லை.

"அம்மா, உங்க காலைத் தொட்டுக் கேட்டுக்கறேன். உள்ளே போய் இதைச் சொல்லிடாதீங்க. உங்க வேலை முடியணும், அவ்வளவுதானே?"

"நானா சொல்ல மாட்டேன் சார்" என்றார். "கேட்டாச் சொல்லுவேன்."

யார் கேட்கப் போகிறார்கள் என்று நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

மூன்று மணிக்கு உள்ளே அழைத்தார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் தலைவர், சட்ட உறுப்பினர், மூத்த உறுப்பினர். இந்தப் பக்கம் அவருக்கு ஒரு நாற்காலி. ஓரத்தில் மினிட்ஸ் எழுத நான். தலைவர் நல்ல மனநிலையில் இருந்தார். படம் நன்றாக வந்திருந்தது.

"என்னம்மா இது, கடைச் சீட்டு, மாத்திரைன்னு? சின்னப் பிள்ளை மாதிரி!" என்று சிரித்தார். "ஒண்ணையும் ரெண்டையும் விட்டுடலாம். மூணாவதா, தப்பா இருந்தா சொல்லிடுவேன்னு எழுதியிருக்கீங்களே, அது என்ன? எங்கே இருந்தாலும் சொல்லிடுவீங்களா?"

"கண்ணுல பட்டா வாய் நிக்காது சார்."

"உதாரணத்துக்கு?"

என் பேனா நின்றது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அன்று நுணல் பேசாமல்தான் இருந்தது. தலைவரே குச்சியால் குத்திப் பேச வைத்தார்.

"உதாரணத்துக்கு, வெளியில மாட்டியிருக்கற உங்க கணக்கு" என்று தொடங்கி, ஒன்பது வரி, கூட்டுத்தொகை, 2208 எல்லாவற்றையும் அந்த அம்மா சொன்னார். குரலில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. பொத்தான் கழன்றிருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிற மாதிரி சொன்னார்.

முதலில் சுதாரித்தவர் சட்ட உறுப்பினர்.

"ஒன்பதாம் பிரிவுப்படி கணக்கு மேல கருத்துச் சொல்லக் கூடாது. இப்ப நீங்க சொன்னது கருத்துதானே?"

"கருத்து இல்ல சார். கூட்டல்."

"நின்னு பார்த்தீங்களா, உட்கார்ந்து பார்த்தீங்களா?"

"உட்கார்ந்துதான் சார். நாலு மணி நேரமா உட்கார வெச்சிருந்தாங்க."

"குறிச்சுக்கோங்க" என்றார் சட்ட உறுப்பினர் என்னிடம். "போறபோக்குல பார்த்தா அது பார்வை. உட்கார்ந்து பார்த்தா அது தணிக்கை."

குறித்துக்கொண்டேன். சட்டம் படித்தவர்களின் கூர்மையே தனி.

அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சார், கொஞ்சம் சீக்கிரம் முடிச்சா நல்லா இருக்கும். நாலு மணிக்குள்ள வீட்டுக்குப் போகணும். அக்கா தனியா இருப்பாங்க."

"நீங்க வெளியில இருங்க, முடிவைச் சொல்லி அனுப்பறோம்" என்றார் தலைவர். அவர் முகத்தில் இப்போது புகைப்படத்துக்கு உரிய சிரிப்பு இல்லை.

கதவு மூடியதும் ஆழ்ந்த சட்ட விவாதம் நடந்தது. அதன் சாரத்தை வருங்காலத் தலைமுறைக்காகத் தருகிறேன். அம்மா காலை பத்து பத்துக்குக் கணக்கு பார்க்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டார். இரண்டு நாற்பதுக்கு, அதுவும் வாரியத்தின் வளாகத்திலேயே, கணக்குப் பார்த்தார். ஆகவே அவர் செயலற்றவராக இருக்கத் தகுதியற்றவர். சரி, செயலில் இருப்பவராகவே விட்டுவிடலாமா என்றால், நாற்பது மணி நேர வகுப்பு முடிக்கவில்லை. ஆகவே செயலில் இருக்கவும் தகுதியற்றவர். இந்த இரண்டும் இல்லாத ஒருவருக்கு விதியில் ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது.

"அப்ப மச்சான் விஷயம்?" என்று மூத்த உறுப்பினர் மெல்லக் கேட்டார். அவர் நல்லவர். கேட்டுவிட்டு உடனே வருத்தப்படுவார்.

"அதுல என்ன சார் விஷயம்?" என்றார் சட்ட உறுப்பினர். "அவர் செயலற்றவர். செயலற்றவர் போட்ட கையெழுத்து செயலற்ற கையெழுத்து. அது செல்லவே செல்லாதுன்னா அப்புறம் அதுல குற்றம் எங்கேருந்து வரும்?"

"அப்ப நம்ம கணக்கு?"

"கண்ணாடி அழுக்கா இருக்கு. பராமரிப்புக்காகக் கழட்டி வைங்க" என்றார் தலைவர், என்னைப் பார்த்து. கணக்குப் பிரச்சினை இப்படித் தீர்ந்தது.

மிஞ்சியது காரணம். ரத்துப் பட்டியலில் காரணம் என்ற கட்டத்தில் நமக்குத் தோன்றியதை எழுத முடியாது. அச்சடித்த நான்கில் ஒன்றைத்தான் எழுத வேண்டும்: மோசடி, கையாடல், பொய்ப் பிரமாணம், மரணம்.

"மரணம்னு போட்டுடலாமே" என்றார் மூத்த உறுப்பினர், மனம் பொறுக்காமல். "அதுலதான் கௌரவம் இருக்கு. யாரும் தப்பா பேச மாட்டாங்க."

அரை நிமிஷம் எல்லோருக்குமே அது நல்ல யோசனையாகப் பட்டது.

"இறப்புச் சான்றிதழ் வேணுமே" என்றார் சட்ட உறுப்பினர். "அந்தம்மா கொண்டுவந்து கொடுப்பாங்களா?"

கொடுக்க மாட்டார் என்று என்னைக் கேட்டு உறுதி செய்துகொண்டார்கள். மோசடி செய்யவில்லை, கையாடவில்லை, சாகவும் இல்லை. ஆகவே எஞ்சியதைப் போடும்படி தலைவர் சொன்னார். நான் எழுதினேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். எங்கள் அலுவலகத்தில் பட்டியல் எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

"எல்லாம் எழுதி முடிச்சுச் சான்று போட்டுடுங்க. நீங்க போட்டாத்தான் தீர்மானம் செல்லும்" என்றார் தலைவர். பிறகு, அன்பு மேலிட்டு, "உங்களுக்கு இன்னும் எத்தனை மாசம் சர்வீஸ் இருக்கு?" என்று விசாரித்தார்.

"பதினெட்டு மாசம் சார்."

"நல்லபடியா முடிச்சுட்டுப் போகணும்ல?"

கீழே வேலை செய்பவனின் எதிர்காலத்தைப் பற்றி இவ்வளவு அக்கறை காட்டும் தலைமை எத்தனை பேருக்கு வாய்க்கும்?

மினிட்ஸ் நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மூன்று ஐம்பது. அம்மா கைப்பையைத் தோளில் மாட்டி, எழுந்து நின்றுகொண்டிருந்தார். போனில், "வந்துட்டேன், இன்னும் பத்து நிமிஷம், கதவை மட்டும் தாழ் போட்டு வைங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் போனை வைத்தார். நோட்டைத் திருப்பிக் காட்டினேன்.

படித்தார். எல்லோரும் படிக்கிற மாதிரி இல்லை. முதல் வரியிலிருந்து, விரலை வைத்து, ஒவ்வொரு வரியாக. கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் விரல் அங்கேயே நின்றது. கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை.

"நான் எழுதினதுல எது சார் பொய்?"

"விதிப்படி பார்த்தா..."

"விதியைக் கேக்கல சார். நீங்க காலையிலேருந்து கூடவே இருந்தீங்க. நான் எழுதினதுல எது பொய்?"

பதில் எனக்குத் தெரியும். கடைச் சீட்டு உண்மை. மாத்திரை உண்மை. மூன்றாவது உண்மை என்று நாலு பேர் முன்னால் நிரூபித்தே காட்டிவிட்டார். முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் அவ்வளவு உண்மையான ஒரு பிரமாணப் பத்திரம் என் மேஜைக்கு வந்ததில்லை. இதையெல்லாம் நான் சொல்லியிருக்கலாம். "நான் மினிட்ஸ் எழுதறவன்மா" என்றுதான் சொன்னேன்.

அவர் பக்கத்தின் அடியைப் பார்த்தார். என் சான்றுக்கான இடம் காலியாக இருந்தது.

"நீங்க இன்னும் கையெழுத்துப் போடலையா?"

"இல்லம்மா."

"நீங்க போட்டாத்தான் இது செல்லும், இல்ல?"

"ஆமாம்."

எதிர்ச் சுவர்க் கடிகாரத்தை ஒரு தரம் பார்த்தார். அதற்கு மேல் நிற்க அவருக்கு நேரம் இல்லை. "நல்லாப் படிச்சுப் பார்த்துட்டுப் போடுங்க சார்" என்று சொல்லிவிட்டு, படிகளில் வேகமாக இறங்கிப் போனார். மூன்று மாடிக்கும் செருப்புச் சத்தம் கேட்டது.

என் இருக்கைக்கு வந்து உட்கார்ந்தேன். அவர் சொன்னபடியே செய்தேன். முப்பத்தைந்து வருஷத்தில் முதல் முறையாக, நானே எழுதியதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். ஒரு பிழை இல்லை. அடித்தல் திருத்தல் இல்லை. அவர் பெயர், அவர் எண், அதற்கு நேரே 'பொய்ப் பிரமாணம்'. கீழே அச்சடித்த வரி: 'மேற்கண்டவை யாவும் உண்மை என என் அறிவுக்கு எட்டியவரை உறுதி கூறுகிறேன்.' அதற்கும் கீழே, விரும்பினால் குறிப்பு எழுதிக்கொள்ள நாலு விரல் அகலத்துக்கு வெற்றிடம். பேனாவில் மை இருந்தது. உள்ளே தலைவர் யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். நாலு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி, பட்டியலை வாசல் கதவில் நானே ஒட்டினேன்.

ஆக, அன்று எங்கள் அலுவலகத்தில் ஒரு பொய்ப் பிரமாணம் நடந்தது உண்மைதான். கையெழுத்து என்னுடையது.